டேப் சாச்சுரேஷனை டிஜிட்டலில் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்பவர்களும், சொந்தமாக ஒரு பிளக்-இன் (மிக்ஸிங் மென்பொருளுக்குள் ஒலியை மாற்றும் சிறு நிரல்) எழுதிப் பார்க்க நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதிலில் கொஞ்சம் இயற்பியல் வரும், கொஞ்சம் கணக்கு வரும். பள்ளிக்கூட அளவைத் தாண்டாது.

டேப் சாச்சுரேஷன் என்றால் உண்மையில் என்ன?

டேப் என்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பூசியிருப்பார்கள். ரிக்கார்டிங் ஹெட் என்பது ஒரு சிறு மின்காந்தம். அதில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவோ அவ்வளவுக்கு அதைத் தொட்டுக்கொண்டு போகும் துகள்கள் காந்தமாகும். மின்னோட்டத்தைக் கூட்டினால் காந்தமும் கூடும், ஆனால் ஓர் அளவுவரைதான். எல்லாத் துகள்களும் ஒரே பக்கம் திரும்பிவிட்ட பிறகு மேலே என்ன கொடுத்தாலும் ஏறாது. இதைத்தான் பள்ளி இயற்பியலில் 'தெவிட்டு நிலை' என்று படித்தோம். எனக்குப் பிடித்த சொல் அது. பாயசம் போலத்தான், முதல் கிண்ணம் இறங்கும் வேகத்தில் மூன்றாவது இறங்குவதில்லை. டேப்பும் அப்படிப் படிப்படியாகத்தான் தெவிட்டும், சட்டென்று சுவரில் முட்டி நிற்காது.

டிஜிட்டலில் அந்தப் படிப்படி கிடையாது. உச்ச எண்ணைத் தாண்டினால் அலையின் தலை கத்தியால் சீவியதுபோல் வெட்டுப்படும்.

டேப் தெவிட்டும்போது அலை உருமாறுமே, அந்த டிஸ்டார்ஷன் ஏன் காதுக்கு இதமாக இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கைப் போட்டால் புரியும். உள்ளே வரும் எண்ணை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி அதன் கனத்தைக் கண்டுபிடியுங்கள். அதை 3-ஆல் வகுத்து, அசல் எண்ணிலிருந்து கழியுங்கள். டேப்புக்கு மிக எளிய தோராயம் இதுதான். இதில் உயரம் 0.25 உள்ள ஒரு சைன் அலையை அனுப்பினால், அடிப்படை ஒலியோடு ஒப்பிட 0.5% அளவுக்கு மூன்றாம் ஹார்மோனிக், அதாவது அடிப்படையைப் போல மூன்று மடங்கு அதிர்வெண் உள்ள ஒலி, பிறக்கும். உயரம் 0.5 என்றால் 2.2%. உயரம் 1 என்றால் 11%.

ஒலியை இரட்டிப்பாக்கினால் டிஸ்டார்ஷன் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மென்மையாகப் பாடும் இடத்தில் அது இருப்பதே தெரியாது. குரல் ஓங்கும்போது மட்டும் தடிமன் கூடும். இசைக்கருவிகளும் குரலும் இயல்பாகவே இப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஓங்கி அடித்த தவிலில் சத்தம் மட்டுமா கூடுகிறது, நிறமும் மாறுகிறது. அதனால் காது இதை ஒரு பிழையாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாம் ஹார்மோனிக் 3% வரும் அளவையே டேப்பின் மேல் வரம்பாக வைத்துக்கொள்வது ஸ்டூடியோ வழக்கம்.

டேப் இரட்டைப்படை ஹார்மோனிக் தருவதால்தான் 'வார்ம்' ஆக ஒலிக்கிறது என்கிறார்களே?

தவறு. காந்தத் துகளுக்கு மேல் பாதி அலையும் கீழ்ப் பாதி அலையும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் சமமாக நசுங்கினால் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள்தான் வரும். டேப்பில் இரட்டைப்படை தலைதூக்கினால், ஹெட்டில் காந்தம் தங்கிவிட்டது என்றோ, பயஸ் அலை (அடுத்த கேள்வியில் வரும்) ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றோ, ஆம்ப்ளிஃபையர் தன் பங்கைச் சேர்க்கிறது என்றோ பொருள். பழைய எஞ்சினியர்கள் ஹெட்டை அடிக்கடி டீமேக்னடைஸ் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பயஸ் என்பது என்ன?

டேப்பின் அடிப்படைக் குறை ஒன்று உண்டு. மிகச் சிறிய சிக்னலுக்குத் துகள்கள் அசைந்தே கொடுக்காது. ஒரு குறைந்தபட்ச உந்துதல் தேவை. அப்படியே பதிந்தால் சன்னமான ஒலிகள் எல்லாம் கரகரவென்று சிதையும்.

இதற்கு நல்ல தீர்வு பெர்லினில் கிடைத்தது. 1940-ல் ஜெர்மன் வானொலியில் வேலை பார்த்த வால்டர் வெபர், பதிவு செய்யும் ஆம்ப்ளிஃபையர் ஒன்று பழுதாகித் தானாக உயர் அதிர்வெண்ணில் அலைந்துகொண்டிருந்தபோது, பதிவு வழக்கத்தைவிடத் துல்லியமாக இருப்பதைக் கவனித்தார். காதுக்கு எட்டாத அந்த அதிர்வு துகள்களை இடைவிடாமல் உலுக்கிக்கொண்டே இருந்தது. உலுக்கிய நிலையில் மிகச் சிறிய சிக்னலும் தன் தடத்தைப் பதிக்க முடிந்தது. அளவையில் அரிசியைக் கொட்டிவிட்டுத் தட்டித்தட்டிக் குலுக்கினால் சீராக அமருமே, அதே வேலைதான். ஸ்டூடியோ இயந்திரங்களில் பயஸ் பெரும்பாலும் 1,00,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும்.

பயஸை எவ்வளவு வைப்பது என்பது ஒரு கைவேலை. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்துகொண்டே பயஸை மெல்லக் கூட்டுவார்கள். மீட்டர் முள் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கும். உச்சத்திலிருந்து சில டெசிபல் இறங்கியதும் நிறுத்துவார்கள். கொஞ்சம் ட்ரெபிள் போகும், பதிலுக்கு டிஸ்டார்ஷன் குறையும். பிளக்-இன்களில் 'பயஸ்' என்று இருக்கும் குமிழ் இந்தக் கொடுக்கல்வாங்கலைத்தான் உங்கள் கையில் தருகிறது.

ஒரு டான்ஹெச் வளைவு போட்டால் போதாதா? எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

டான்ஹெச் (tanh) என்பது S வடிவில் வளைந்து உச்சத்தில் மெல்ல மட்டமாகும் ஒரு கணிதச் சார்பு. அதற்கு 100 ஹெர்ட்ஸும் ஒன்று, 8,000 ஹெர்ட்ஸும் ஒன்று. உயரம் ஒன்றாக இருந்தால் இரண்டையும் ஒரே மாதிரி நசுக்கும். டேப் அப்படி இல்லை. டேப்பில் ட்ரெபிள் தேய்ந்துபோகும் என்பது தெரிந்த விஷயம், எனவே பதியும்போதே அதை உயர்த்தி அனுப்புவார்கள். உயர்த்தி அனுப்பிய ட்ரெபிள் மற்றதைவிட முன்னதாகத் தெவிட்டும். பாடகியின் 'ச', 'ஷ' ஒலிகளின் சீறல், ஹை-ஹாட்டின் கூர்மை, மிருதங்கத்தில் சாப்பு விழும் அந்த முதல் நொறுங்கல், இவையெல்லாம் டேப்பில் வழவழப்பாவது இதனால்தான். பேஸும் குரலின் உடம்பும் கிட்டத்தட்டத் தொடப்படாமல் வந்து சேரும்.

வெறும் டான்ஹெச்சில் இதற்கு நேர்மாறாக நடக்கும். மிக்ஸில் உயரம் அதிகமுள்ளது பேஸ்தான். அதுதான் முதலில் நசுங்கும். நசுங்கும்போது தன் மேல் சவாரி செய்யும் குரலையும் ட்ரெபிளையும் சேர்த்து அமுக்கும். கிக் ட்ரம் அடிக்கும்போதெல்லாம் குரல் ஒரு கணம் மங்குவதைக் கேட்டிருப்பீர்கள்.

என் முதல் முயற்சி அப்படித்தான் இருந்தது. வளைவை மாற்றி மாற்றிப் பல வாரம் போனது. ஆர்க்டேஞ்சன்ட் போட்டேன், பல்லுறுப்புக் கோவை போட்டேன், எதுவும் டேப் ஆகவில்லை. கடைசியில் வளைவைத் தொடாமல், அதற்கு முன்னால் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 6 டெசிபல் உயர்த்தும் ஒரு ஷெல்ஃப் ஃபில்டரையும், பின்னால் அதே 6 டெசிபலை இறக்கும் ஃபில்டரையும் வைத்தேன். அன்று முதல் முறையாகக் குரல் 'டேப் மாதிரி' உட்கார்ந்தது. மென்மையான இடத்தில் இரண்டு ஃபில்டரும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், ஒன்றும் மாறாது. ஓங்கும்போது மட்டும் ட்ரெபிள் பணியும்.

ஒரே ஒரு விஷயம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வளைவு எது என்பதைவிட அதைச் சுற்றி என்ன ஃபில்டர் இருக்கிறது என்பதே முக்கியம்.

டேப் ஓடும் வேகம் ஒலியை எப்படி மாற்றுகிறது?

டேப்பில் ஒலி நீளமாக மாறுகிறது. நொடிக்கு 15 அங்குலம், அதாவது 38.1 செ.மீ. ஓடும் டேப்பில் 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 38 மைக்ரான். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ.தான் ஓடும். அதே அலை அங்கே 4.8 மைக்ரானுக்குள் ஒடுங்க வேண்டும்.

இப்போது ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவில் 1 மைக்ரான் தூசு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை அலைநீளத்தால் வகுத்து 54.6-ஆல் பெருக்கினால் எத்தனை டெசிபல் போகிறது என்று தெரிந்துவிடும். ஸ்டூடியோ டேப்பில் 1.4 டெசிபல் போகும், யாருக்கும் தெரியாது. கேசட்டில் 11.5 டெசிபல் போகும், பாட்டு போர்வைக்குள் போனதுபோல் இருக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஹெட்டைத் துடைத்ததும் பாட்டு பளிச்சென்று திரும்பிய அனுபவம் பலருக்கு இருக்கும். பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான்.

பேஸ் பக்கத்தில் வேறொன்று நடக்கும். அலைநீளம் ஹெட்டின் முகப்பு அகலத்தை நெருங்கும் இடத்தில் ஒலி சற்று மேடாகும். இதை 'ஹெட் பம்ப்' என்பார்கள். 15 அங்குல வேகத்தில் 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் 7.6 மி.மீ. அந்த இடத்தில் மேடு இருந்தால், 30 அங்குல வேகத்தில் அதே மேடு 100 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடும். அதனால்தான் கனமான பேஸ் வேண்டும் என்றால் 15-ம், ட்ரெபிள் தெளிவு வேண்டும் என்றால் 30-ம் எடுப்பார்கள். பிளக்-இன் எழுதும்போது இதை ஒரு சின்ன பீக் ஃபில்டராக வைத்து, வேகம் இரட்டிப்பானால் அதன் இடமும் இரட்டிப்பாகும்படி செய்தால் போதும்.

காந்தத் தயக்கத்தைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவது?

ஹிஸ்டெரிசிஸ், தமிழில் காந்தத் தயக்கம். ஏறிய வழியே இறங்காமல், முன்பு எங்கே இருந்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நடப்பது துகள்களின் குணம். டான்ஹெச்சுக்கு அந்த நினைவு இல்லை. இப்போதைய எண் என்ன என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

இதற்கு அதிகம் பயன்படுவது டேவிட் ஜைல்ஸ், டேவிட் ஏதர்டன் இருவரும் 1980-களில் கொடுத்த மாதிரி. ஐந்து மாறிலிகள் கொண்ட ஒரு வகைக்கெழுச் சமன்பாடு அது. காந்தம் இப்போது எவ்வளவு, புலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று இரண்டையும் பார்த்து அடுத்த அடியைச் சொல்லும். ஜதின் சவுத்ரி 2019-ல் ஒரு சோனி ரீல் ரிக்கார்டரை இந்த வழியில், பாட்டு ஓடும்போதே இயங்கும்படி மாதிரியாக்கிக் கட்டுரை வெளியிட்டார். அவருடைய 'சவ் டேப் மாடல்' பிளக்-இன் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. படித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நீங்களே எழுதினால் ஓர் இடத்தில் நிச்சயம் தடுக்கும். சமன்பாட்டின் நடுவில் லான்ஜெவின் சார்பு வரும். அது ஓர் எண்ணின் கோத் (coth) மதிப்பிலிருந்து அதே எண்ணின் தலைகீழ் மதிப்பைக் கழிப்பது. சிக்னல் பூஜ்யத்தை நெருங்கும்போது இரண்டுமே முடிவிலிக்கு ஓடும். தாளில் அவை அழகாக ரத்தாகும், கணினியில் ரத்தாகாமல் டப்பென்று வெடிக்கும். பூஜ்யத்துக்கு மிக அருகே வந்தால் உள்ளீட்டில் மூன்றில் ஒரு பங்கை விடையாகக் கொடுத்துவிடுங்கள். வளைவின் சரிவு அங்கே அதுதான். இந்த ஒரு வரி இல்லாமல் என் ஹெட்ஃபோனில் வந்த சத்தத்தை மறக்க முடியாது. சோதிக்கும்போது வால்யூமைக் குறைத்து வையுங்கள், கடைசியில் சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரும் இருக்கட்டும்.

அப்படியானால் காந்தத் தயக்கம் இல்லாத பிளக்-இன் எல்லாம் போலியா?

இல்லை. சரியாகப் பயஸ் செய்த டேப்பில், அந்த உயர் அதிர்வே துகள்களின் பழைய நினைவைப் பெரும்பாலும் கலைத்துவிடுகிறது. எஞ்சுவது ஏறக்குறைய ஒற்றைக் கோடான, மென்மையான வளைவுதான். ஆகவே நல்ல ஸ்டூடியோ இயந்திரத்தின் ஒலிக்கு, ஃபில்டர்கள் சூழ்ந்த எளிய வளைவே வெகுதூரம் வரும். பயஸ் குறைந்த, ஓவராக அழுத்திய, தேய்ந்த டேப்பின் ஒலி வேண்டும் என்றால்தான் தயக்க மாதிரி தன் பலத்தைக் காட்டும். ஏர்விண்டோஸின் 'டுடேப்' பிளக்-இன் வரிசையும் இலவசம், திறந்த நிரல். அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஓவர்சாம்பிளிங் கட்டாயமா?

கட்டாயம். ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்ற சாம்பிள் எண்ணிக்கையைப் பல மடங்காக்கி, கணக்கைப் போட்டுவிட்டு, மறுபடி இறக்குவதுதான் ஓவர்சாம்பிளிங். நொடிக்கு 44,100 சாம்பிளில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடமில்லை. 9,000 ஹெர்ட்ஸ் ஒலியை டான்ஹெச்சில் விட்டால் மூன்றாம் ஹார்மோனிக் 27,000-ல் பிறக்க வேண்டும். இடமில்லாததால் மடிந்து 17,100-ல் வந்து விழும். ஐந்தாவது 45,000, அது 900 ஹெர்ட்ஸில் விழும். 9,000-க்கும் 900-க்கும் சுருதி உறவாவது இருக்கிறது. ஒலி 9,100 ஆனால் அந்தப் போலி ஒலி 1,400-க்குத் தாவிவிடும். பாட்டு மேலே ஏறும்போது இது எங்கெங்கோ குதிக்கும். இப்படி மடிந்து விழுவதற்கு ஏலியாசிங் என்று பெயர். டிஜிட்டல் டிஸ்டார்ஷன் 'மணல் அரைபடுவதுபோல்' இருக்கிறது என்பவர்கள் கேட்பது இதைத்தான்.

நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் போட்டால், அதே 9,000 ஹெர்ட்ஸுக்கு முதலில் கேட்கும் எல்லைக்குள் மடிந்து வருவது 19-ஆம் ஹார்மோனிக். அதன் அளவு மிகச் சொற்பம். சாதாரண அழுத்தத்துக்கு நான்கு மடங்கு போதும். பயஸ் அலையையே நிரலுக்குள் ஓடவிட நினைத்தால் மட்டும் 16 மடங்கு வரை போக வேண்டிவரும், பிராசசர் திணறும். பயஸின் விளைவை வளைவின் வடிவத்தில் சேர்த்துவிட்டு அலையை விட்டுவிடுவது வீட்டுக் கணினிக்கு நல்லது.

வாவ், ஃப்ளட்டர் எப்படிச் சேர்ப்பது?

மோட்டாரும் உருளைகளும் ஒரே சீராகச் சுழல்வதில்லை, அதனால் சுருதி லேசாக ஆடும். மெதுவான ஆட்டம் வாவ், வேகமான ஆட்டம் ஃப்ளட்டர். நிரலில் இது நீளம் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு டிலே. நொடிக்கு ஒரு முறை, 0.1% அளவுக்கு ஆட வேண்டும் என்றால் டிலே இரண்டு பக்கமும் 0.16 மில்லி நொடி, அதாவது வெறும் 7 சாம்பிள் நகர்ந்தால் போதும். நொடிக்கு 10 முறை என்றால் 0.7 சாம்பிள். முழு சாம்பிள்களாகத் தாவினால் டிக் டிக் என்று கேட்கும், ஆகவே இடைமதிப்பு கண்டுபிடிக்கும் இன்டர்போலேஷன் வேண்டும்.

சுத்தமான சைன் அலையால் மட்டும் ஆட்டாதீர்கள், கோரஸ் எஃபெக்ட் போல் ஆகிவிடும். கொஞ்சம் ஒழுங்கற்ற ஆட்டமும் கலக்க வேண்டும். சுருதிப்பெட்டியோ தம்பூராவோ பின்னால் ஓடும் பாட்டில் இதை மிகக் குறைவாக வையுங்கள். நிலையான சுருதி அசைந்தால் யாருக்கும் உடனே தெரியும்.

ஹிஸ் இரைச்சலும் வேண்டுமா?

எனக்கு வேண்டாம். டேப் காலத்து எஞ்சினியர்கள் அதைக் குறைக்கத்தான் பாடுபட்டார்கள்.

ஒவ்வொரு ட்ராக்கிலும் போடுவதா, எல்லாம் கலந்த பிறகு மாஸ்டரில் ஒரே முறை போடுவதா?

இரண்டும் வேறு வேறு ஒலி. ஒரு ட்ராக்கில் ஒரு சுரம் இருந்தால் அதன் ஹார்மோனிக்குகள் மட்டும் பிறக்கும். இரண்டு சுரங்கள் ஒன்றாகத் தெவிட்டினால் அவற்றின் கலப்பு ஒலிகளும் பிறக்கும். ச 240 ஹெர்ட்ஸ், ப 360 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படிக் கலப்பில், அதாவது ஒன்றின் இரு மடங்கிலிருந்து மற்றதைக் கழித்தால், 120-ம் 480-ம் வரும். இரண்டுமே ச தான், கீழே ஒன்று, மேலே ஒன்று. கேட்க நிறைவாக இருக்கும். அதே ச-வோடு சுத்த ரிஷபம், 256 ஹெர்ட்ஸ், சேர்ந்தால் 224-ம் 272-ம் வரும். ராகத்தில் இல்லாத இரண்டு விருந்தாளிகள்.

அதனால் அடர்த்தியான மிக்ஸில் மாஸ்டரில் அழுத்தினால் கலங்கும். தனி ட்ராக்குகளில் தாராளமாகவும், மாஸ்டரில் மீட்டருக்கே தெரியாத அளவிலும் போடுவது என் வழக்கம். நாதஸ்வரத்துக்கு மட்டும் எங்கும் கை வைக்க மாட்டேன். அதன் ஒலியிலேயே ஹார்மோனிக்குகள் நிரம்பி வழிகின்றன.

உள்ளே அனுப்பும் சிக்னல் எந்த அளவில் இருக்க வேண்டும்?

டிஜிட்டலின் உச்சம் பூஜ்யம் டெசிபல். பல பிளக்-இன்கள் அதற்குக் கீழே மைனஸ் 18 டெசிபலை டேப்பின் இயல்பான நிலையாக எடுத்துக்கொள்கின்றன. உங்கள் ட்ராக் உச்சத்தில் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், குமிழைத் தொடும் முன்பே டேப் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். முதலில் அளவை இறக்குங்கள், பிறகு தேவையானதை ஏற்றுங்கள்.

நியூரல் நெட்வொர்க்கால் டேப்பை அப்படியே பிரதி எடுக்க முடியாதா?

முயற்சிகள் நல்ல பலன் தருகின்றன. 2023-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பழைய ரீல் ரிக்கார்டரின் சாச்சுரேஷன், வேக ஆட்டம், இரைச்சல் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கற்க வைத்தார்கள். பிரித்ததுதான் அதில் சிறப்பு. வேகம் ஆடிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் சாம்பிள் சாம்பிளாகப் பொருத்த முடியாது.

நன்றாகத்தான் செய்திருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். சாச்சுரேஷன் போட்டதும் சத்தம் கொஞ்சம் கூடும், கூடிய சத்தம் எப்போதும் நல்லதாகவே தோன்றும். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

அப்புறம் 50 ஹெர்ட்ஸிலிருந்து 15,000 வரை மெல்ல ஏறும் ஒரு சைன் அலையை அனுப்பி ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் மேல்நோக்கியே ஏற வேண்டும். ஒரு கோடாவது கீழ்நோக்கி இறங்கினால் ஏலியாசிங் இருக்கிறது.

எனக்கு ஸ்டூடியோ டேப் வேண்டாம், பழைய கேசட் ஒலிதான் வேண்டும். என்ன மாற்றுவது?

தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு அந்த ஒலி மேல் ஆசை இருப்பது நியாயம்தான். நாம் அன்று கேட்டது பெரும்பாலும் பிரதியின் பிரதி. ஆகவே ஒரே பிளக்-இன்னை ஓங்கி அழுத்தாமல், குறைந்த அழுத்தத்தில் இரண்டு முறை வரிசையாகப் போடுங்கள். ட்ரெபிள் உயர்த்தும் ஷெல்ஃபை 10 டெசிபல் வரை ஏற்றுங்கள், 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாகச் சரிய விடுங்கள். இடது, வலது இரண்டுக்கும் நடுவில் சில மைக்ரோ நொடி டிலே வைத்து அது லேசாக ஊசலாடும்படி செய்யுங்கள். கேசட் தன் கூட்டுக்குள் சாய்ந்து ஓடுவதால் வந்த ஆட்டம் அது. மோனோவில் கேட்டால் ட்ரெபிள் மெல்ல மங்கி மங்கித் தெளியும். அந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.